வாசகர் கேள்வி–பதில்: ரொறன்ரோவில் ஏப்ரல் மாத விதைப்பு

கேள்வி: ஏப்ரலில் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் செல்கிறேன். அங்கே ஒரு நாள் வெயிலும் மறுநாள் பனியுமாக இருக்கிறதாம். சென்றவுடன் கத்தரி, வெண்டி, போஞ்சி விதைக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, அவசரப்பட வேண்டாம். கொழும்பில் நாம் மழையைப் பார்த்து விதைக்கிறோம். அங்கே பார்க்க வேண்டியது மண்ணின் வெப்பநிலை. நான்கு நாள் நல்ல வெயில் அடித்தாலும் மண் உள்ளே குளிர்ந்தே இருக்கும் என்பதால், 15 பாகை செல்சியசுக்குக் கீழ் போஞ்சி விதை முளைக்காமல் அழுகிவிடக்கூடும். வெண்டிக்கு அதைவிடவும் சூடு வேண்டும். பட்டாணி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி, சலாது ஆகியவையோ 5 பாகையளவிலேயே மெதுவாக முளைக்கத் தொடங்கும்; ஏப்ரலுக்கு உரியவை இவைதாம். ஆனால் ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்த்து, அது உதிராமல் களியாக ஒட்டினால், காயும்வரை கொத்தாதீர்கள். ஈரமண்ணைக் கொத்தினால் அது இறுகி, அந்தப் பருவம் முழுவதும் வேரை வருத்தும்.

கத்தரியையும் மிளகாயையும் வீட்டுக்குள் வெளிச்சமான யன்னலோரம் நாற்றாக வளர்த்து, நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள். மே மாதத்திலும் உறைபனி வரக்கூடும் என்பதால், அங்குள்ள பலர் மே 25க்கு முந்திய திங்கட்கிழமையான விக்டோரியா தினம்வரை காத்திருந்தே இவற்றை நடுகிறார்கள். முகிலும் காற்றும் இல்லாத இரவே உறைபனிக்கு ஏற்றது; அன்று மாலையே பாத்தியை மெல்லிய துணியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.