சியர்லீடிங்: கேட்டதும் சொன்னதும்

டெக்சாஸில் ஒரு பள்ளியின் சியர் அணிக்கு (கூட்டத்தைக் கோஷம் போட வைத்து உற்சாகப்படுத்தும் அணி) உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

முரளி, சேலம்: மைதான ஓரத்தில் நின்று ஆடுவதற்குப் பயிற்சியாளர் வேறா?

டிவியில் நீங்கள் பார்ப்பது ஒன்று, நான் சொல்லிக் கொடுப்பது வேறு. பெயர்தான் ஒன்று. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணி 1972ல் நடனம் தெரிந்த பெண்களைத் தேர்ந்தெடுத்து மைதானத்தில் இறக்கியது. 1976 சூப்பர் பவுலில் (அந்த ஃபுட்பாலின் இறுதிப் போட்டி) டிவி கேமரா அவர்கள் பக்கம் திரும்பியது, அப்புறம் மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன. அது நடனம். பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் நடப்பது ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பக்கத்தில் வரும். கீழே தாங்குபவர் பேஸ், மேலே ஏறுபவர் ஃப்ளையர், பின்னால் நின்று அவருடைய தலையையும் கழுத்தையும் காப்பவர் பேக் ஸ்பாட். பேக் ஸ்பாட்டை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கு அணியில் முக்கியமான ஆள் அவர்தான்.

வித்யா: ஐபிஎல்லில் இது எதற்கு?

டிவிக்காக. 2008ல் பெங்களூரு அணி அமெரிக்காவிலிருந்து வாஷிங்டன் ஃபுட்பால் அணியின் சியர்லீடர்களையே வரவழைத்தது. கத்துவதற்கு நம் ரசிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேப்பாக்கத்து விசிலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பாஸ்கரன், மதுரை: ஆண்களும் இருக்கிறார்களாமே, உண்மையா?

ஆரம்பித்ததே ஆண்கள் சார். 1898 நவம்பரில், தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த மின்னசோட்டா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்காக ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷம் போட வைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் சேர்ந்தது 1923ல். இரண்டாம் உலகப் போருக்குப் பையன்கள் கிளம்பியபோது இடம் பெண்கள் கைக்கு வந்தது. பின்னால் அமெரிக்க ஜனாதிபதிகளான ஐசனோவர், ரீகன், ஜார்ஜ் புஷ் (மகன்) மூவரும் படிக்கும் காலத்தில் சியர்லீடர்கள்தான்.

கார்த்திக்: நேராகக் கேட்கிறேன், இது விளையாட்டா இல்லையா?

போட்டி சியர் என்றால், விளையாட்டு. ஆனால் கேள்வி கௌரவத்தைப் பற்றியது இல்லை, பணத்தைப் பற்றியது. கனெக்டிகட்டின் குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009ல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, சியர் அணியைப் பெண்கள் விளையாட்டாகக் கணக்குக் காட்டப் பார்த்தது. பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1972லேயே சட்டம் உண்டு. வாலிபால் பெண்கள் வழக்குப் போட்டார்கள். விதிமுறையும் போட்டி அமைப்பும் இன்னும் ஒழுங்காகவில்லை, இப்போதைக்கு இதை விளையாட்டாக எண்ண முடியாது என்று 2010ல் தீர்ப்பு வந்தது. வாலிபால் பெண்களுக்கு அது நியாயம்தான், எனக்கும் மறுப்பில்லை. சங்கடம் எங்கே என்றால், விளையாட்டுப் பட்டியலில் இல்லாத அணிக்குப் பல பள்ளிகளில் மருத்துவ உதவியாளர் கிடையாது, நல்ல ஜிம் மற்றவர்களுக்குப் போய்விடும், இவர்கள் வராண்டாவில் பயிற்சி செய்வார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2012ல் இதை விளையாட்டாக அறிவிக்கச் சொன்னது, காயங்களைப் பார்த்துத்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021ல் முழு அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் இன்னும் ஒலிம்பிக் போட்டிகளில் சேர்க்கவில்லை.

ரம்யா: நல்ல சம்பளம் இருக்குமே?

இல்லை. ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் என்ற ஃபுட்பால் அணியின் சியர்லீடர்கள் 2014ல் குறைந்தபட்சக் கூலி கூட வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 12.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. அடுத்த வருடம் கலிஃபோர்னியா இவர்களையும் ஊழியர்களாக நடத்தச் சட்டம் போட்டது. அணி ஓனர்கள் கோடீஸ்வரர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

நந்தினி, நியூ ஜெர்சி: என் பெண்ணுக்கு 11 வயது. சேர்க்கலாமா? பயமாக இருக்கிறது.

சேருங்கள், ஆனால் ஒரு நாள் பயிற்சியை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மேட் விரித்திருக்கிறார்களா? பயிற்சியாளருக்குச் சான்றிதழ் உண்டா? கீழே பிடிக்கத் தெரிந்த பிறகுதான் மேலே ஏற்றுகிறார்களா? 2006ல் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் மனித பிரமிடிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தலைகீழாக விழுந்தபிறகுதான், ஆளைத் தூக்கி எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸை மேட் இல்லாத தரையில் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தலையில் அடிபட்டால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை பயிற்சிக்கு அனுப்பாதீர்கள், போட்டி மறுநாளே இருந்தாலும். ஃப்ளையராகத்தான் ஆவேன் என்று அடம் பிடிப்பாள். முதல் வருடம் பேஸாக இருக்கட்டும்.