வகுப்பில் பட்டப்பெயர் வைத்து ஓட்டுகிறார்கள். 14 வயது மகனிடம் “கண்டுக்காதே” என்று சொன்னால் போதுமா?

போதாது. ஒருநாள் கேலிக்கு அது சரி. நீங்கள் எழுதியிருப்பதோ 2 மாதமாக அதே 3 பேர், அதே பெயர். திரும்பத் திரும்ப நடப்பது, வேண்டுமென்றே செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது: 1970-களில் பள்ளிச் சீண்டலை முறையாக ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் சொன்ன அடையாளங்கள் மூன்றும் இதில் இருக்கின்றன. “பையன்களுக்குள் இதெல்லாம் சகஜம்” என்று சண்டைக்கு வருபவர்கள் இவற்றை ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு வரட்டும்.

பட்டப்பெயரைச் சொன்ன மறுநொடி அந்தப் பையனின் கண் எங்கே போகிறது என்று மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் போகும், யார் சிரித்தார்கள் என்று பார்க்க. அந்தச் சிரிப்புதான் அவனுக்குக் கூலி. பெரும்பாலும் அவன் வகுப்பின் முதல் கெத்து ஆளாக இருக்கமாட்டான். அந்த இடத்துக்கு ஏறத் துடிக்கும் இரண்டாம் வரிசை. அதனால் அவனைத் திருத்துவதைவிடச் சிரிப்பைக் குறைப்பது சுலபம்.

ஒரு தாளில் வகுப்பை வரையச் சொல்லுங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு, யார் ஜால்ரா, யார் சும்மா சிரிப்பவர், யார் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொள்பவர். இந்தக் கடைசி வகையில் ஓரிருவர் தேறுவார்கள். அவர்கள் தட்டிக்கேட்க வேண்டியதில்லை, “வாடா, போலாம்” என்று இவனைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தால் போதும். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. சக பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்குமேல் 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. (அவர்கள் சின்னப் பிள்ளைகள், ஒப்புக்கொள்கிறேன். 14 வயதில் தயக்கம் கூடுதல். அதனால்தான் தட்டிக்கேட்கச் சொல்லவில்லை.)

பள்ளிக்குப் போகுமுன் 2 வாரக் குறிப்பு வேண்டும்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள். அடி, மிரட்டல் என்றால் காத்திருக்காமல் அன்றே போங்கள். “எப்பவும் ஓட்றாங்க” என்றால் ஆசிரியர் தலையாட்டி அனுப்புவார். “இடைவேளையில், தண்ணீர்க் குழாய் பக்கம், 9 நாளில் 6 முறை” என்றால் அங்கே ஒருவரை நிறுத்த முடியும். போனில் வந்ததை, அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யவேண்டும். முந்திக்கொண்டு அனுப்பியவன் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. மகனிடமிருந்து போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த முறை வாயே திறக்கமாட்டான்.

“இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கைகுலுக்க வைக்கிறோம்” என்று பள்ளியில் சொன்னால் மறுத்துவிடுங்கள். சமமானவர்கள் போட்ட சண்டைக்குத்தான் சமரசம். இங்கே அறையைவிட்டு வந்ததும் “போட்டுக்கொடுத்தவன்” என்று இன்னொரு பட்டம் சேரும். மூவரையும் தனித்தனியாக, இடையில் பேசிவைத்துக்கொள்ள நேரம் தராமல், புகார் வந்ததென்று காட்டாமல் ஆசிரியர் தானே கவனித்துக் கேட்பதுபோல விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பேச ஒரு தேதியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தேதி வாங்காத புகார் மேசையிலேயே தூங்கும்.

இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் “கராத்தேயில் சேர்த்துவிடுங்க” என்று நாலு பேர் வந்துவிடுவார்கள், எரிச்சலாக இருக்கிறது. 2 மாதக் கேலியை யாரும் பார்த்ததாகச் சொல்லமாட்டார்கள், இவன் விடும் ஒரு குத்துக்கு வகுப்பே சாட்சி. சேர்ப்பதானால் வேறு காரணத்துக்காகச் சேருங்கள்: அங்கே யாருக்கும் அந்தப் பட்டப்பெயர் தெரியாது.