ஒரு தாள், எட்டுப் பக்கம்: வாசகர் கேள்விகள்

அக்கா, போன இதழில் 'ஸீன்' (zine) என்ற குட்டிப் புத்தகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கும் ஒன்று செய்ய ஆசை. ஆனால் வீடு, பிள்ளைகள், தையல் மெஷின் என்றே இருப்பவள் நான். எழுதும்படி என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திருப்பூர்

தையல் மெஷின் இருக்கிறதே! தெருவில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். "பழைய பிளவுஸ் அளவே வைங்க" என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் "கை பிடிக்குது" என்று வந்து நிற்பவர்களை எழுதவே எட்டுப் பக்கம் பத்தாது.

போன இதழ் கிடைக்காதவர்களுக்கு: நாமே எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் குட்டிப் புத்தகம்தான் ஸீன். ஆசிரியர் கிடையாது, "பிரசுரத்திற்கு ஏற்றதல்ல" என்ற கடிதமும் வராது.

நான் கடைசியாகச் செய்தது எங்கள் காம்பவுண்டு மோட்டாரைப் பற்றி. நாலு குடித்தனம், ஒரே மோட்டார், ஒரே ஸ்விட்ச். அட்டையில் ஸ்விட்ச் படம். உள்ளே, டேங்க் நிரம்பி வழியும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் குரல்கள்: "யாரு போட்டது?", "நான் அப்பவே ஆஃப் பண்ணிட்டேனே!" மாடி வீட்டுக்காரர் ஸ்விட்சுக்கு மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டை அவரிடம் கேட்டு வாங்கி, அப்படியே நகல் எடுத்து நடுப்பக்கத்தில் வைத்தேன். அவரோ "எழுத்து கோணலா இருக்கேம்மா, நல்லா எழுதித் தர்றேன்" என்று புதுப் பேனாவோடு வந்துவிட்டார். கெஞ்சித் தடுத்தேன். அந்தக் கோபம் கோணல் எழுத்தில்தான் இருந்தது.

உங்கள் வாழ்க்கை முழுவதையும் எழுத உட்காராதீர்கள். பிளவுஸ் கை மட்டும் போதும். இல்லாவிட்டால், வாங்க வராமல் அலமாரியில் கிடக்கும் துணிகள். கடைசிப் பக்கம் வந்ததும் பொன்மொழி எழுதக் கை துறுதுறுக்கும். அங்கே ஊக்கு, ஊசி, நூல்கண்டு இன்றைக்கு என்ன விலை என்று போடுங்கள். பத்து வருடம் கழித்து அதைத்தான் எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள்.

ஒரே தாளில் எட்டுப் பக்கம் எப்படி வருகிறது? வெட்டி வெட்டிப் பார்த்தேன், தாள் இரண்டாகிவிடுகிறது.
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

கத்திரி எதிர்ப்பக்கத்தில் இறங்கியிருக்கும். ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு தடவை மடித்துப் பிரியுங்கள். பிறகு குறுக்கே இரண்டு தடவை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். இப்போது குறுக்கே ஒரே ஒரு மடிப்பு. மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்டம் தூரம் மட்டும் வெட்டுங்கள். திறந்திருக்கும் பக்கம் கத்திரி போகவே கூடாது. பிரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். ஒரு பக்கம் சுமார் 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம்; சட்டைப்பைக்குள் போய்விடும்.

எழுதும் முன் ஒரு வெற்றுத்தாளை இப்படி மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டுப் பிரித்துப் பாருங்கள். நாலு பக்கம் தலைகீழாக இருக்கும். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அசலை எழுதுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் பல வருடம் நின்று பிழைத்தவள் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தாளின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடுங்கள், மெஷின் அதுவரை எடுக்காது. கறுப்பு ஜெல் பேனா நல்லது. நீல பால்பாயிண்ட் சோகை பிடித்த மாதிரி விழும். கலர் போட்டோவில் முகம் கருத்துவிடும் என்பதால் வெளிச்சத்தைக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கேளுங்கள். முக்கியமாக, ஹால் டிக்கெட் கூட்டம் நிற்கும் நேரத்தில் போகாதீர்கள். கடைக்காரர் முகமே சரியாக இருக்காது.

பதினாறு பக்கம் செய்தேன். ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டவில்லை.
- ஆசிரியை, தஞ்சாவூர்

நீளக்கை ஸ்டேப்ளர் கிடைக்கும், ஆனால் வாங்க வேண்டாம். ஊசி நூல் போதும். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே வந்து, மறுபடி நடுத்துளைக்குள் நுழையுங்கள். இரண்டு முனைகளும் நீள நூலுக்கு இருபுறமும் இருக்க, முடிச்சுப் போடுங்கள். அட்டைக்குப் பள்ளி நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட்.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம்தானே?
- பெயர் வேண்டாம், சென்னை

அமெரிக்காவில் 1930இல், சிகாகோவின் அறிவியல் புனைகதை ரசிகர்கள் 'தி காமெட்' என்று ஓர் இதழ் நடத்தினார்கள். அங்கிருந்துதான் ஸீன் கதையைத் தொடங்குவார்கள். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞர் பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காக டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து ஒன்று கொண்டுவந்தார். அதைப் பார்த்துப் பலர் கிளம்பினார்கள்.

சரி, நம் ஊரில்? ஒரே ஒரு பிரதியாக வீடு வீடாகச் சுற்றிவந்த கையெழுத்துப் பத்திரிகையை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். வாசகர் கருத்து எழுதக் கடைசியில் வெற்றுத்தாள்கூட வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பெரிய பத்திரிகைகளைப் போலவே கதை, கவிதை, தலையங்கம் என்று போனதுதான் எனக்குக் குறை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற கதையை யாராவது எழுதி வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதையே இன்ஸ்டாகிராமில் போடலாமே என்கிறார் கணவர்.
- வாசகி, சேலம்

போடச் சொல்லுங்கள், அது அவர் வேலை. போன் பார்க்காத பூக்காரம்மாவுக்கு ஒரு பிரதி நீங்கள் கொடுங்கள்.

என் மாமியாரைப் பற்றி எழுதலாமா?
- பெயர், ஊர் வேண்டாம்

முதல் பிரதியை அவர் கையில் கொடுக்கும் தைரியம் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் அது டைரிக்குரியது, ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவர் வத்தக்குழம்பு வைக்கும்போது பக்கத்தில் நின்று, சொல்வதை அப்படியே எழுதுவேன். "கண்ணளவு போடு" என்றால் கண்ணளவு என்றே. அட்டையில் அவர் பெயர். பத்துப் பிரதி கூடுதலாக எடுத்து வையுங்கள், நாத்தனார்கள் கேட்பார்கள்.