எம்பெடட் துறையில் வேலைக்குப் போக, மாணவராக இருக்கும்போதே என்ன செய்ய வேண்டும்?

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள், ஆர்டுயினோ போர்டில் சில ப்ராஜெக்ட் செய்திருக்கிறீர்கள். அடுத்து எந்த போர்டு வாங்குவது, எந்த கோர்ஸில் சேருவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பது இந்தத் துறைக்குத் தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்பெடட் என்பது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளின் துறை. அவற்றில் ஓடும் ப்ரோகிராமான ஃபர்ம்வேரை எழுதுவதுதான் என் வேலை. புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவிலும் உட்காருவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

புது போர்டு இப்போதைக்கு வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 கையில் இருந்தால் அதுவே போதும். அதில் இருப்பது ஏடிமெகா328பி. 8 பிட் சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃப்ளாஷ், 2 கிலோபைட் ராம். ஒரே ஆள் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவுக்குச் சின்னது. பத்து போர்டில் எல்இடி மினுக்குவதை விட ஒரு சிப்பை அடிவரை தெரிந்துகொள்வது உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

எல்இடியிலேயே தொடங்குங்கள். போர்டின் 13ஆம் பின்னை ஆன் செய்ய லைப்ரரியில் இருக்கும் டிஜிட்டல்ரைட்டைக் கூப்பிடுகிறீர்கள் இல்லையா, அதை எடுத்துவிடுங்கள். சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தால் அந்தப் பின், சிப்பில் பி போர்ட் என்ற பின் தொகுப்பின் 5ஆம் பிட் என்று தெரியும். பின் உள்ளீடா வெளியீடா என்று திசையைச் சொல்ல ஒரு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்), மதிப்பை எழுத இன்னொரு ரெஜிஸ்டர். இரண்டிலும் அந்த ஒரு பிட்டை மட்டும் 1 ஆக்குங்கள், பக்கத்து பிட்களைத் தொடாமல். அப்புறம் கம்பைலர் தந்த அசெம்பிளியை, அதாவது சிப்புக்கான கட்டளைப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஒரு வரி ஒரே கட்டளையாக மாறியிருக்கும், இரண்டு க்ளாக் சைக்கிளில் முடிந்துவிடும். லைப்ரரி வழியாகப் போனால் அதே வேலைக்குப் பல பத்து சைக்கிள் ஆகும். இதைத் தன் கண்ணால் பார்த்தவருக்குத்தான் சி மொழியில் பாயிண்டர், பிட் ஆபரேஷன் எல்லாம் எதற்கு என்று உண்மையாகப் பிடிபடும்.

அடுத்து இன்டரப்ட், அதாவது ஓடும் ப்ரோகிராமை நடுவில் நிறுத்திவைத்து சிப் வேறொரு சிறு வேலையைச் செய்துவிட்டுத் திரும்புவது. இங்கே அவசரப்படாதீர்கள், இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. டைமர் இன்டரப்ட் ஒரு 16 பிட் கவுண்டரை ஏற்றிக்கொண்டே போகிறது, மெயின் லூப் அதைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் 8 பிட் என்பதால் ஒரே மூச்சில் 16 பிட்டைப் படிக்க முடியாது, இரண்டு பைட்டாகத்தான் எடுக்கும். கவுண்டர் 255இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படிக்கிறது, கிடைப்பது 255. அந்த நொடியில் இன்டரப்ட் குறுக்கே வந்து கவுண்டரை 256 ஆக்கிவிடுகிறது. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் 1. இரண்டையும் சேர்த்தால் 511. கவுண்டர் அந்த மதிப்பின் பக்கமே போகவில்லை! கவுண்டர் மாறிக்கு முன்னால் சி மொழியின் வாலடைல் என்ற சொல்லைப் போட்டாலும் இது தீராது. மதிப்பை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்றுதான் அது கம்பைலருக்குச் சொல்கிறது. படிப்பதற்கு நடுவே யாரும் நுழையாமல் அது தடுக்காது. படிக்கும் அந்தச் சில சைக்கிளுக்கு இன்டரப்டை நிறுத்தி, மதிப்பை நகலெடுத்துக்கொண்டு, பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இன்டர்வியூவில் நான் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட இதுதான். வாலடைலுக்கு மனப்பாட விளக்கம் சொல்பவர்கள் நிறைய. இந்த 511 எப்படி வந்தது என்று பேப்பரில் வரைந்து காட்டுபவர்கள் குறைவு.

இதெல்லாம் கைவந்த பிறகு இரண்டாவது போர்டு வாங்குங்கள். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் என்ற 32 பிட் சிப் குடும்பத்தில் ஏதாவது ஒன்று. எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டுகளைத்தான் நான் சொல்வேன். காரணம், டீபக்கர் அந்த போர்டிலேயே இருக்கிறது. ஓடும் ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம், ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். சீரியலில் அச்சிட்டுப் பார்த்தே பிழை தேடும் பழக்கத்திலிருந்து வெளியே வர இதுதான் வழி. அங்கே முதல் நாளே ஒரு சுவர் வரும்: பின்னின் ரெஜிஸ்டரில் எழுதுவீர்கள், எதுவுமே நடக்காது. அந்தப் போர்ட்டுக்கான க்ளாக்கை முதலில் ஆன் செய்தால்தான் அது விழித்துக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சப்படுத்த அப்படி வைத்திருக்கிறார்கள். சிப்பின் ரெஃபரன்ஸ் மேனுவல் பல நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். யாரும் அதை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை, தேவையான அத்தியாயத்தைத் தேடி எடுக்கத் தெரிந்தால் போதும்.

சிப்பும் சென்சார் போன்ற மற்ற பாகங்களும் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் முறைகளான யுஏஆர்டி, எஸ்பிஐ, ஐ2சி மூன்றும் கட்டாயம். படித்தால் மட்டும் பத்தாது, கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மலிவான லாஜிக் அனலைசர் வாங்குங்கள். இன்னொரு போர்டுக்குச் செலவழிப்பதை விட இது உபயோகம். ஓர் உதாரணம்: சென்சாரின் ஐ2சி முகவரி ஹெக்ஸில் 68 என்று ஓர் இடத்தில் இருக்கும், டி0 என்று இன்னோர் இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றேதான். முகவரி 7 பிட்; படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் பிட்டையும் கடைசியில் சேர்த்து எழுதினால் 68 என்பது டி0 ஆகிவிடும். உங்கள் லைப்ரரி எதை எதிர்பார்க்கிறது என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் சென்சார் பதிலே தராது. ப்ரோகிராமை உற்றுப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தாலும் புரியாத இந்த விஷயம், அனலைசர் திரையில் முகவரி பைட்டைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். ஐ2சி கம்பிகளை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் போடாமல் விட்டால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆர்டிஓஎஸ், அதாவது பல வேலைகளை (டாஸ்க்) முன்னுரிமைப்படி நேரத்துக்கு ஓட்டும் சிறு இயங்குதளம், இதற்கெல்லாம் பிறகுதான். ஃப்ரீஆர்டிஓஎஸ் அல்லது செஃபிர், ஏதாவது ஒன்று. டாஸ்க் உருவாக்குவது சுலபம். இரண்டு டாஸ்க் ஒரே பொருளுக்குப் போட்டி போடும்போது என்ன ஆகும் என்பதுதான் கற்க வேண்டியது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில முறை தானாக ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் குறைந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு ம்யூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பூட்டு) பிடித்திருக்க, மிக முக்கியமான டாஸ்க் அதற்காகக் காத்திருக்க, நடுத்தர முன்னுரிமை டாஸ்க் உள்ளே புகுந்து நேரத்தை எடுத்துக்கொண்டது. முக்கிய வேலை நேரத்துக்கு முடியாததால் கலம் தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பூமியில் அதே நிலையை மறுபடி உருவாக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்து, ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) ஆன் செய்யும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிச் சரிசெய்தார்கள். மூன்று டாஸ்க் போட்டு இதே கோளாறை உங்கள் போர்டில் வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். அருமையான பயிற்சி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பது தடையே இல்லை. ஓம் விதி, ட்ரான்சிஸ்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்துவது, சர்க்யூட் படத்தைப் படிப்பது, இவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் இருந்தால் தொடங்கலாம். மோட்டாரை நேரடியாகப் பின்னில் மாட்டாதீர்கள். ஊனோ சிப்பின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர்தான்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். சேர்ந்தால் தப்பில்லை, ஆனால் சான்றிதழைப் பார்த்து நான் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. ரெஸ்யூமேயில் நான் தேடுவது ஒரே ஒரு ப்ராஜெக்ட், ஆழமாகச் செய்தது. உதாரணமாக, ஒரு வெப்பநிலை சென்சாருக்கு லைப்ரரி இல்லாமல் நீங்களே எழுதிய டிரைவர், அதாவது அதை இயக்கும் ப்ரோகிராம். சென்சார் கம்பியை நடுவில் பிடுங்கினால் ப்ரோகிராம் தொங்கிப் போகிறதா, மீண்டு வருகிறதா? அதைச் சோதித்தீர்களா? அனலைசர் படங்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற குறிப்புகள், எல்லாவற்றையும் ப்ரோகிராமுடன் சேர்த்து கிட்ஹப்பில் போடுங்கள். அந்தக் குறிப்புகளைத்தான் நான் முதலில் படிப்பேன்.

முதல் வேலை டெஸ்டிங்காக இருந்தால் தயங்க வேண்டாம். ஆனால் சேரும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போர்டும், மின்சிக்னலைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பும் என் மேஜையில் இருக்குமா, ஃபர்ம்வேர் ப்ரோகிராமைப் படிக்க அனுமதி உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகச் சேருங்கள். வெறும் எக்செல் ஷீட்டில் பாஸ், ஃபெயில் நிரப்பும் வேலை என்றால், வேறு வாய்ப்பு இருக்கும்பட்சத்தில் அதைப் பாருங்கள்.