கட்டங்கா: கையில் துப்பாக்கி இருந்தது, உத்தரவு இல்லை

1960-களின் தொடக்கத்தில் ஐநா படையோடு ஆப்பிரிக்காவின் காங்கோவுக்குப் போன நம் பட்டாளத்தைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதப்போய், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கேட்டவர்களின் பேரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைவிடக் காகிதத்தோடு அதிகம் மாரடித்தவன். அதனால் பதில்களில் தீர்மானம், உத்தரவு, செலவுக் கணக்கு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, கட்டங்கான்னா தனி நாடா, மாகாணமா? அங்க என்னதான் சண்டை?

மாகாணம்தான். காங்கோவின் தென்கிழக்கு மூலை. 1960 ஜூன் 30 அன்று காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. படையில் அதிகாரி எல்லாம் அப்போதும் வெள்ளைக்காரர்கள். தளபதி யான்சன்ஸ் சிப்பாய்களைக் கூட்டி வைத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: "விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்". கலகம் வெடிக்க அது போதாதா? தன் மக்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று பெல்ஜியம் மறுபடி படையை இறக்கியது. அந்தக் குழப்பத்திலேயே ஜூலை 11 அன்று அந்த மாகாணத் தலைவர் மோய்ஸ் ஷோம்பே "கட்டங்கா இனி தனி நாடு" என்று அறிவித்துவிட்டார். பிரதமர் லுமும்பா ஐநாவிடம் போனார். 14-ஆம் தேதி பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டுப் படையை அனுப்பியது.

தென்காசி: ஒரு மாகாணத்துக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்திச்சு?

பூமிக்கு அடியிலிருந்து. செம்பு, கோபால்ட், யுரேனியம். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு கட்டங்காவின் ஷிங்கொலோப்வே சுரங்கத்தில் வெட்டியது. தோண்டிய கம்பெனி யூனியன் மினியேர், பெல்ஜிய முதலீடு. தலைநகருக்குப் போக வேண்டிய வரியை அது ஷோம்பேயிடம் கட்டியது. அந்தக் காசில்தான் பெல்ஜிய அதிகாரிகள், பிரெஞ்சு, தென்னாப்பிரிக்கக் கூலிப்படையினர், விமானங்கள் எல்லாம். ஒரு நாடுகூட அங்கீகரிக்காத ஒரு 'நாடு' இரண்டரை வருஷம் தாக்குப்பிடித்தது இதனால்தான். பிரிவினை, கொள்கை என்று யார் பேசினாலும் சம்பளப் பட்டுவாடா யார் கையால் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். கிளார்க் புத்தி, வேறென்ன!

வள்ளியூர்: இருபதாயிரம் பேர் இருந்தும் ஐநா படை ஏன் அவ்வளவு திணறிச்சு? சும்மா வேடிக்கை பார்த்தாங்களோ?

வேடிக்கை பார்க்கச் சொல்லித்தான் உத்தரவே. 1960 ஆகஸ்ட் 9 தீர்மானத்தில் உள்நாட்டுத் தகராறு எதிலும் ஐநா படை தலையிடாது, எந்தப் பக்கமும் சாயாது என்று எழுதியிருந்தது. தற்காப்புக்கு மட்டும் சுடலாம். நம்ம ஊர்க் கோயில் கொடையில் இரண்டு தரப்பும் அரிவாளோடு நிற்கும்போது நடுவில் விட்ட போலீஸ்காரரிடம், "லத்தியை வச்சுக்கோ, ஓங்காதே" என்று சொன்னால் எப்படி? முதல் ஏழு மாதம் அப்படித்தான் ஓடியது. லுமும்பா இதைத்தான் கத்திக் கத்திக் கேட்டார்: கூப்பிட்டது நான், என் நாட்டை உடைக்கிறவனை நீங்கள் ஏன் தடுக்கவில்லை? 1961 ஜனவரி 17 அன்று கட்டங்காவுக்கே கொண்டுபோய் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் கொலை வெளியே தெரிந்த பிறகுதான் காகிதம் அசைந்தது. பிப்ரவரி 21 தீர்மானம், உள்நாட்டுப் போரைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. நவம்பர் 24 தீர்மானம் இன்னும் ஒரு படி மேலே போய், கூலிப்படையினரைப் பிடிக்கவே பலம் பயன்படுத்தலாம் என்றது. 'உள்நாட்டுப் போரைத் தடுக்க' என்பதற்கும் 'பிரிவினையை முடிக்க' என்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் எத்தனை பேர் செத்தார்கள் பாருங்கள். லண்டனும் பிரஸ்ஸல்ஸும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியைப் பிடித்துத்தான் இழுத்தன. படை திணறியது வீரம் இல்லாமல் அல்ல என்பதுதான் என் கட்சி.

திசையன்விளை, கல்லூரி மாணவி: கேப்டன் சலாரியா பற்றிப் பாடத்தில் ஒரு வரிதான் இருக்கு. கொஞ்சம் விவரமாச் சொல்ல முடியுமா?

1961 டிசம்பர் 5, கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில். இன்றைக்கு அதன் பேர் லுபும்பாஷி. ஐநா தலைமையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே கட்டங்கா படை சாலையை மறித்திருந்தது. விமான நிலையம் கைவிட்டுப் போனால் சோறும் வராது, தோட்டாவும் வராது. நம் 3/1 கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியன் அந்தத் தடையை நேராகத் தாக்க, சலாரியா சின்னக் குழுவோடு வேறு பக்கம் நின்று எதிரி தப்பும் வழியை அடைக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். ஆனால் தடைக்கு 1,500 கெஜம் முன்னாலேயே அவருக்குக் குண்டு மழை. எதிரில் சுமார் 90 பேர், இரண்டு கவச வண்டிகள். இவரிடம் 16 பேர்.

நின்றால் தடையைத் தாக்கும் நம் ஆட்களின் மேல் அந்தத் தொண்ணூறு பேரும் போய் விழுவார்கள் என்பதால் இவரே பாய்ந்தார். ராக்கெட் லாஞ்சரால் கவச வண்டிகளை முடக்கிவிட்டு, மிச்சமெல்லாம் துப்பாக்கி முனைக் கத்தி, குக்ரி என்ற கூர்க்காக்களின் வளைகத்தி, கையெறி குண்டு. எதிரியில் 40 பேர் விழுந்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்த பிறகும் சலாரியா சண்டையை விடவில்லை. ரத்தம் போய்த்தான் சாய்ந்தார். வயது 26. ஐநா பணியில், போர்க்கள வீரத்துக்கான நம் உயரிய விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர் இவர் ஒருவரே. தேர்வுக்கு எழுதும்போது அந்த 'ஐநா பணியில்' என்ற சொல்லை விட்டுவிடாதே தாயி.

கல்லிடைக்குறிச்சி: ஐரிஷ்காரங்க ஒரு கம்பெனியே சரணடைஞ்சிட்டாமே? அதைப் பத்தி உங்க அபிப்பிராயம்?

1961 செப்டம்பரில் கட்டங்காவின் ஜாடோவில் என்ற சுரங்க நகரத்தில் நடந்தது. அங்கிருந்த வெள்ளையரைக் காக்கப் போன ஐநா படையின் ஐரிஷ்காரர்கள் நூற்றைம்பத்துச் சொச்சம் பேர். அவர்களை அங்கே தனியாக விட்டுவிட்டு, எலிசபெத்வில்லில் ஐநா 13-ஆம் தேதி நடவடிக்கையைத் தொடங்கிவிட்டது. பல மடங்கு கூட்டம் வந்து வளைத்துக்கொண்டது. மேலே கட்டங்காவின் ஒரே ஒரு ஃபூகா ஜெட் வந்து வந்து குண்டு போட்டது. ஐநாவிடம் அப்போது ஒரு சண்டை விமானம்கூடக் கிடையாது! உதவிக்குப் போன படையை லுஃபிரா ஆற்றுப் பாலத்திலேயே மடக்கித் திருப்பிவிட்டார்கள். இவர்கள் 17 வரை தாக்குப்பிடித்து, தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகு சரணடைந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அந்தக் கமாண்டர் குவின்லனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் நாட்டில் ரொம்ப காலம் அதை அவமானமாகப் பேசினார்கள். அந்தக் கம்பெனிக்குத் தனிப் பதக்கம் கொடுத்தது 2017-ல்.

மேலப்பாளையம்: ஐநா பொதுச்செயலாளர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினாங்களா இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க.

முடிவாகத் தெரியாது. ஷோம்பேயிடம் போர் நிறுத்தம் பேசப் போன ஹாமர்ஷீல்ட் 1961 செப்டம்பர் 17 நள்ளிரவை ஒட்டி இன்றைய சாம்பியாவின் ந்டோலா அருகே விழுந்து இறந்தார். வெளித்தாக்குதலாக இருந்திருக்கக்கூடும் என்று ஐநாவுக்காக விசாரித்த தான்சானிய நீதிபதி ஒத்மான் 2017-ல் எழுதினார். ஒரு வரி கேட்டீர்கள், மூன்றாகிவிட்டது.

நாங்குநேரி: எங்க தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட். நம்மாளுக காங்கோ போனாங்களா?

போனார்கள். 4-ஆம் பட்டாலியன், பிரிகேடியர் நொரோன்யாவின் 99-ஆம் பிரிகேடில். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் காங்கோ வரைக்கும் கேட்டிருக்கிறது! 1962 டிசம்பர் 28 அன்று கடைசி நடவடிக்கை தொடங்கியது. அதற்குள் ஐநாவிடம் ஸ்வீடன் ஜெட்டுகள் வந்துவிட்டன, கட்டங்கா விமானங்களைத் தரையிலேயே அடித்தார்கள். பிறகு பிரிகேட் ஜாடோவில் நோக்கி நடந்தது. நடுவில் மேலே சொன்ன அதே லுஃபிரா. பாலங்களைக் கட்டங்கா படை தகர்த்துவிட்டுப் போயிருந்தது.

இங்கேதான் வேடிக்கை. ஆற்றைத் தாண்ட மாட்டோம் என்று நியூயார்க்கில் ஹாமர்ஷீல்டுக்குப் பிறகு ஐநா பொதுச்செயலாளரான ஊ தாண்ட் வல்லரசுகளுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தகவல் வந்து சேருவதற்குள் நொரோன்யா தாண்டிவிட்டார். ஜனவரி 3 அன்று ஜாடோவில்லுக்குள் எதிர்ப்பே இல்லாமல் நுழைந்தார்கள். எப்படி நடந்தது என்று விசாரிக்க ஐநா உயர் அதிகாரி ரால்ஃப் பஞ்ச்சே நேரில் வந்து, தகவல் தொடர்புக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். கோளாறு! அந்தக் கோளாறு ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம். ஜனவரி 14 அன்று ஷோம்பே பிரிவினை முடிந்தது என்றார். 21-ஆம் தேதி கட்டங்கா படையின் கடைசிப் பிடியான கோல்வேசி நகரமும் கைக்கு வந்தது.

தாத்தாவிடம் இன்னொன்றும் கேளுங்கள், இருக்கிறார் என்றால். சீனா நம் எல்லையில் ஏறி வந்த 1962 அக்டோபர், நவம்பரில் இந்த பிரிகேட் காங்கோவில்தான் இருந்தது. வீட்டில் நெருப்பு, ஆள் அடுத்த ஊர்க் காவலில். அந்த மனநிலையை எந்தக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை.

சங்கரன்கோவில்: இலங்கைக்குப் போன அமைதிப்படையும் இதுவும் ஒண்ணுதானே? பிரிஞ்சு போறேன்னு கேட்டா தப்பா?

ஒன்றல்ல. இலங்கைக்குப் போனது ஐநா படை இல்லை. 1987 ஜூலையில் இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தப்படி போன இந்தியப் படை. சலாரியாவுக்குக் கிடைத்த அதே விருதை அங்கே வாங்கியவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். காக்கப் போன மக்களோடேயே சண்டை என்ற நிலை இரண்டு இடத்திலும் வந்தது, அதுவரை ஒப்பிடலாம்.

பிரிவது தப்பா என்றால், கேட்கிறது யார் என்று பார்க்க வேண்டும். கட்டங்காவின் வடக்கில் இருந்த பலூபா மக்கள் ஷோம்பேயை ஏற்கவே இல்லை. அவர் படை அவர்கள் கிராமங்களைக் கொளுத்தியது, எலிசபெத்வில்லில் ஐநா முகாமுக்கு ஆயிரம் ஆயிரமாக ஓடி வந்தார்கள். சொந்த மாகாணத்து ஜனத்தையே துரத்திவிட்டுச் சுயநிர்ணயம் பேசினால் நான் நம்ப மாட்டேன். இலங்கைத் தமிழர் விஷயத்தை இதோடு முடிச்சுப் போடாதீர்கள், அதன் வேர் வேறு.

ராதாபுரம்: இம்புட்டுச் செலவு யார் கொடுத்தா?

எனக்குப் பிடித்த கேள்வி. மொத்தம் சுமார் 40 கோடி டாலர். சோவியத்தும் பிரான்சும் தங்கள் பங்கைக் கட்ட மாட்டோம் என்றன. கட்டித்தான் ஆக வேண்டிய செலவு இது என்று 1962-ல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொல்லியும் கட்டவில்லை. ஐநா கடன் பத்திரம் விற்றுத்தான் சமாளித்தது. படையை அனுப்பக் கை தூக்குகிறவன் பில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பான், அது அன்றும் இன்றும்.

கடையம்: ஷோம்பேயை ஜெயில்ல போட்டாங்களா?

அப்போது இல்லை. கொஞ்ச நாளில் வெளிநாடு போய்விட்டார். ஐநா படை 1964 ஜூன் 30 அன்று காங்கோவை விட்டுக் கிளம்பியது. அடுத்த மாதமே கிழக்கில் எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கூப்பிட்டார்கள். யாரை? ஷோம்பேயை. பிரிந்து போக நினைத்த அதே காங்கோவுக்குப் பிரதமராக! அங்கோலாவில் பதுங்கியிருந்த தன் பழைய கட்டங்கா படையையும், பழைய கூலிப்படைக்காரர்களையும் கூடவே அழைத்து வந்தார்.