ஓசூர் ஸ்லாப் டேங்க் பொங்கி வழிந்தது பற்றி

வணக்கம் சார். சிப்காட் யூனிட்டில் ஸ்லாப் ஆயில் (தண்ணீரும் அழுக்கும் கலந்த கழிவு எண்ணெய்) டேங்கை 105 டிகிரிக்கு ஏற்றினோம், நுரை பொங்கி மேன்ஹோல் வழியே வழிந்தது என்கிறீர்கள். குற்றம் எண்ணெயில் இல்லை, அடியில் நிற்கும் தண்ணீரில். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே 80 டிகிரியைத் தாண்டவே வேண்டாம்.

முதலில் டிப் ராடில் (மட்டம் அளக்கும் கம்பி) வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை, பெட்ரோல் பங்கில் தடவுகிறார்களே, அதேதான்) பூசி அடிவரை இறக்குங்கள். நிறம் திட்டுத்திட்டாக மாறினால் நடுவில் எமல்ஷன் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த அடுக்கு) இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது காற்று வரும் பக்கம் நில்லுங்கள், எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு) மீட்டர் கையில் இருக்கட்டும். மூக்கை நம்பக் கூடாது, அந்த வாயு மோப்பத்தையே மழுங்கடித்துவிடும்.

தண்ணீரை மெதுவாக வடித்த பிறகே ஸ்டீம். மணிக்கு 5 டிகிரி போதும். ஸ்டீம் ஓடும் காயிலுக்கு (சூடேற்றும் குழாய்ச் சுருள்) மேல் எப்போதும் இரண்டடி எண்ணெய் நிற்க வேண்டும். மட்டம் இறங்கி காயில் வெளியே தெரிந்தால் அது தீப்பிடிக்கும் வழி. டேங்கில் கால்வாசி காலியாக விடுங்கள்.

நாப்தா (எளிதில் தீப்பற்றும் லேசான பெட்ரோலிய எண்ணெய்) கலந்த சரக்கா? ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) பார்க்காமல் சூடேற்றவே ஏற்றாதீர்கள்.