விமானத்தின் கேப்டன் "கிளம்ப முடியாது" என்றால் கம்பெனியால் அதை மாற்ற முடியுமா?

முடியாது. வேறு கேப்டனைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். விமானம் தன் பொறுப்பில் இருக்கும்வரை இறுதி அதிகாரம் கேப்டனுக்கே என்று ஐகாவோ (ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிகளின் 2-வது இணைப்பு சொல்கிறது. அமெரிக்க விமான விதிகளில் 91.3 என்ற விதி அதிகாரத்தையும் பொறுப்பையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே அவர் தலையில் வைக்கிறது.

நான் டிஸ்பேட்ச் பக்கம், அதாவது தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் பிரிவில், வேலை பார்த்தவன். வழி, வானிலை, எரிபொருள் கணக்கு எல்லாம் நாங்கள் போட்டுக் கொடுப்போம். கேப்டன் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, எங்கள் கணக்கில் இருக்கும் தப்பும் அவருடையதாகிவிடும். அமெரிக்க முறையில் டிஸ்பேட்சரும் கேப்டனும் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் ஒப்பாவிட்டாலும் விமானம் கிளம்பாது.

அதிகம் பேச்சு வருவது எரிபொருளில்தான். பயணத்துக்கு ஆவது, எதிர்பாராத செலவுக்குப் பொதுவாக அதில் 5 சதவீதம், மாற்று விமான நிலையம் போவதற்கு, கடைசியாக ஜெட் விமானம் என்றால் 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவு இருப்பு. இது குறைந்தபட்சம். "இன்னும் ஒரு டன் போடுங்க" என்று கேப்டன் சொன்னால், எடை வரம்புக்குள் இருக்கும்வரை போட வேண்டியதுதான். கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் என்பதால் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. போய்ச் சேரும் ஊரில் இடிமேகம் இருந்தால் நான் காரணமே கேட்டதில்லை.

ஆனால் காகிதத்தில் இருக்கும் இந்த அதிகாரம், கேப்டன் வந்து நிற்கும்போது பாதி கரைந்திருக்கலாம். கனடாவின் டிரைடன் விபத்தைப் பாருங்கள். 1989 மார்ச் 10, ஏர் ஒன்டாரியோவின் ஃபாக்கர் எஃப்-28. விமானத்தின் ஏ.பி.யு. (பெரிய என்ஜின்களை ஸ்டார்ட் செய்ய உதவும் சின்ன துணை என்ஜின்) பழுது. அதோடு பறக்க அனுமதி உண்டு, ஆனால் டிரைடனில் என்ஜினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் செய்யத் தரையில் கருவி கிடையாது. அதற்கு முன் நின்ற தண்டர் பே விமான நிலையத்தில் கூடுதல் பயணிகள் ஏறி எடை கூடிவிட்டது. பயணிகளை இறக்கலாம் என்றார் கேப்டன். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை எரிபொருளை இறக்கச் சொன்னது. விளைவு, டிரைடனில் என்ஜின் ஓட ஓட எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. அங்கே பனி பெய்து இறக்கையில் படிந்தது. என்ஜின் ஓடும்போது டி-ஐசிங் (படிந்த பனியை அகற்றுவது) செய்யக்கூடாது. அப்படியே கிளம்பினார்கள். 69 பேரில் 24 பேர் இறந்தார்கள், கேப்டனும் ஒருவர்.

கிளம்பும் முடிவு அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் 1992-இல் இறுதி அறிக்கை கொடுத்த விசாரணை ஆணையம் விமானியோடு நிற்காமல், கம்பெனியையும் ஒழுங்குமுறை அமைப்பையும் சேர்த்தே குறை சொன்னது. என் பார்வையில் அவர் உண்மையில் "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் தண்டர் பே. ஒவ்வொரு சின்ன விஷயமும் தனித்தனியாகச் சரியாகத் தெரியும்போது அங்கே மறுப்பதுதான் கஷ்டம்.

அப்புறம், மறுத்தால் வேலை போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி எழுத்தில் மறுத்தவர் மேல் நேரடியாகக் கைவைக்க ஒழுங்கான கம்பெனிகள் யோசிக்கும், விஷயம் ஒழுங்குமுறை ஆணையம்வரை போகும் என்பதால். தொல்லை கொடுப்பதென்றால் வேறு வழியில் வரும்: ஏன் தாமதம், ஏன் அந்த ஒரு டன் என்று விளக்கம் கேட்டு மெயில் மேல் மெயில்.